கல்குவாரிக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்: சட்ட மாணவர்கள் தயாராவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுற்றுச்சூழல் சட்டம் சட்டக் கல்லூரிகளில் ஒரு கட்டாயப் பாடம். தீங்கு உறுதியாக நிரூபணமாகும் முன்னரே அதைத் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைப் பற்றித் தேர்வில் ஐந்து பக்கம் எழுதும் மாணவர்கள்கூட, தம் வட்டத்தில் வரவிருக்கும் ஒரு கல்குவாரியின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கையில் வந்ததும் எங்கே தொடங்குவது என்று திகைக்கிறார்கள். அந்த இடத்தில் உதவுவதற்காகவே இது எழுதப்படுகிறது. தமிழ்நாட்டில் மாணவர்கள் எளிதில் அணுகக்கூடிய திட்டம் என்பதால் கல்குவாரியை எடுத்துக்கொண்டேன். ஆலை, அனல்மின் நிலையம், துறைமுகம் ஆகியவற்றுக்கும் படிகளின் வரிசை பெரும்பாலும் இதுவே.

சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன் நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின்போது பதிவாகும் கருத்தைத்தான் பின்னால் நிபுணர் குழு பரிசீலிக்கும். வழக்கு என்று வந்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் அந்தப் பதிவையே முதலில் கேட்கும். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும், சரிபார்க்கத்தக்க ஒரு கருத்தை உரிய நாளுக்குள் பதிவில் ஏற்றுவதை நோக்கமாகக் கொண்டது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே அடிப்படை ஆவணம். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986இன் கீழ் வந்த இந்த அறிவிக்கை பலமுறை திருத்தப்பட்டிருப்பதால், 2006ஆம் ஆண்டின் அரசிதழ்ப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் இன்று நடைமுறையில் இல்லாத அளவுகோலை மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். திருத்தங்கள் சேர்ந்த பிரதியை எடுத்து 7, 8, 10 ஆகிய பத்திகளையும், அறிக்கையின் அமைப்பைக் கூறும் மூன்றாம் பின்னிணைப்பையும், கூட்ட நடைமுறையைக் கூறும் நான்காம் பின்னிணைப்பையும் முதலில் படியுங்கள்.

அடுத்ததாக வரைவு அறிக்கையும், ‘டிஓஆர்’ என்று எல்லோரும் அழைக்கும் ஆய்வு வரையறைக் கடிதமும் வேண்டும். அவற்றோடு குவாரி அமையும் புல எண்களுக்கும் சுற்றியுள்ள புல எண்களுக்கும் உரிய அ-பதிவேட்டுப் பகுதி (ஒவ்வொரு புல எண்ணும் எவ்வகை நிலம், யாருடையது என்று கூறும் கிராமப் பதிவேடு), புலப்படம், கிராம வரைபடம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலப் பதிவேடுகளை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஓடையும் வாய்க்காலும் வண்டிப்பாதையும் எங்கே இருக்கின்றன என்பதற்கு இவற்றைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

உங்கள் நிலையையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மாணவர் வழக்குரைஞர் அல்லர். ஊர் மக்களின் பிரதிநிதியாகக் கையெழுத்திட அவருக்கு இடமில்லை. அறிவிக்கை கருத்துக் கேட்பை இரண்டாகப் பிரிக்கிறது. நேரடிக் கூட்டம் பாதிக்கப்படக்கூடிய உள்ளூர் மக்களுக்கானது; திட்டத்தின் சுற்றுச்சூழல் கூறுகளில் நியாயமான அக்கறை உடைய மற்றவர்கள் எழுத்துவழியாகக் கருத்தளிக்கலாம். வெளியூர் மாணவருக்கு எழுத்துவழியே பாதுகாப்பான வழி. கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்று நான்காம் பின்னிணைப்பு சொல்கிறது என்றாலும், ‘நீங்கள் உள்ளூர்க்காரர் இல்லையே’ என்ற ஆட்சேபத்தில் உங்கள் கருத்து அடிபட்டுப் போகாதிருக்க அதை எழுத்தில் முன்னரே கொடுத்திருக்க வேண்டும்.

2. நாள்காட்டியை எழுதுதல்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வெளிவர வேண்டும். உங்கள் கையில் இருக்கும் காலம் அவ்வளவுதான். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் பதில் தருவதற்கான காலமும் 30 நாள் என்பதைக் கவனியுங்கள். அறிவிப்பைப் பார்த்து ஒரு வாரம் கழித்து விண்ணப்பிப்பவருக்குக் கூட்டம் முடிந்த பிறகே பதில் வரும். எனவே தகவல் விண்ணப்பத்தை முதல் நாளிலேயே அனுப்பிவிடுங்கள். அதன் பதிலை நம்பி வேறு எந்த வேலையையும் நிறுத்தி வைக்காதீர்கள்.

வரைவு அறிக்கையைப் பார்ப்பதற்குத் தகவல் விண்ணப்பமே தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்ட ஊராட்சி அல்லது மாநகராட்சி, மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் கூட்டம் முடியும்வரை அலுவலக நேரத்தில் அது பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள சுருக்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் கிடைக்கும். இணையத்தில் சுருக்கம் மட்டும் கிடைத்தது என்பதற்காக அதை வைத்தே மனு எழுதுவது பெரும் பிழை. அளவீடுகளும் இணைப்புகளும் முழு அறிக்கையில்தான் இருக்கும். ஓர் அலுவலகத்தில் அறிக்கை வைக்கப்படவில்லை என்றால், சென்ற நாள், நேரம், கேட்ட அலுவலரின் பதவி ஆகியவற்றைக் குறித்து, அன்றே ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் கடிதம் கொடுங்கள். பின்னால் நடைமுறைக் குறை என்று வாதிட அந்தக் கடிதமே ஆதாரம்.

3. திட்டம் எந்த வகையில் வருகிறது என்பதை உறுதிசெய்தல்

‘ஏ’ வகைத் திட்டங்கள் மத்திய அமைச்சகத்துக்குச் செல்லும். ‘பி’ வகைத் திட்டங்கள் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குச் செல்லும். அவற்றுள் ‘பி1’ திட்டங்களுக்கு அறிக்கையும் கருத்துக் கேட்பும் உண்டு, ‘பி2’ திட்டங்களுக்கு இரண்டும் இல்லை.

கல்குவாரியில் குழப்பம் பரப்பளவில் வருகிறது. ஒரு குவாரி 5 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தாலும், அதன் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் வேறு குவாரிகள் இருந்தால் அவை ஒரு தொகுப்பாகக் கணக்கிடப்படும்; தொகுப்பின் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் கருத்துக் கேட்பு தேவைப்படும். அருகிலுள்ள குவாரிகளைப் பட்டியலிட்டுக் கனிமவளத் துறை உதவி இயக்குநர் தரும் கடிதம் அறிக்கையின் இணைப்பில் இருக்கும். அந்தப் பட்டியலைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். படத்தில் தெரியும் குழி ஒன்று பட்டியலில் இல்லையென்றால், புழுதி, வெடி அதிர்வு, லாரிப் போக்குவரத்து ஆகியவற்றின் கூட்டுத் தாக்கக் கணக்கு முழுவதும் கேள்விக்குள்ளாகும்.

4. அறிக்கையைப் படிக்கும் வரிசை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர்கள், சட்டங்களின் பட்டியலையும் திட்டத்தின் நன்மைகளையும் கடந்து தரவுகளை எட்டுவதற்குள் களைத்துவிடுகிறார்கள். மூன்றாம் பின்னிணைப்பின்படி அறிக்கைக்குப் பன்னிரண்டு அத்தியாயங்கள் உண்டு. அவற்றைக் கீழ்க்கண்ட வரிசையில் படித்தால் நேரம் மிச்சமாகும்.

முதலில் டிஓஆர் கடிதம். ஆணையம் என்னென்ன ஆய்வுகளைக் கேட்டது என்பது எண்ணிட்ட நிபந்தனைகளாக அதில் இருக்கும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே அறிக்கையில் அது நிறைவேற்றப்பட்ட பக்கத்தை எழுதி ஓர் அட்டவணை போடுங்கள். அறிக்கையின் முன்பகுதியில் குவாரி நிறுவனமே இத்தகைய ஓர் அட்டவணையைத் தந்திருக்கும். அதை நகலெடுக்காமல், அது சுட்டும் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ‘நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒரே ஒரு பொது வாக்கியம் மட்டும் இருப்பதைப் பலமுறை காணலாம். மாணவர் குழு செய்யக்கூடிய வேலைகளிலேயே அதிகப் பயன் தருவது இந்த ஒப்பீடுதான் என்பது என் உறுதியான கருத்து. அறிவியல் பட்டம் இல்லாதவரும் இதைச் செய்ய முடியும். முடிவை யாரும் எளிதில் மறுக்க முடியாது.

இரண்டாவதாகப் பன்னிரண்டாம் அத்தியாயம். அறிக்கை தயாரித்த ஆலோசனை நிறுவனத்தின் விவரமும் இத்தகைய நிறுவனங்களுக்குத் தகுதி வழங்கும் தேசிய வாரியமான ‘நாபெட்’டின் அங்கீகாரமும் இங்கே இருக்கும். அங்கீகாரம் இந்தத் துறைக்கு உரியதா, ஆய்வு நடந்த காலத்தில் செல்லுபடியாகும் நிலையில் இருந்ததா என்று பாருங்கள்.

மூன்றாவதாகத் திட்டத்தை விவரிக்கும் இரண்டாம் அத்தியாயம். ஆண்டு உற்பத்தி, குழியின் இறுதி ஆழம், ஒரு நாளைக்கு ஓடும் லாரிகள், தண்ணீர்த் தேவை, அந்தத் தண்ணீர் வரும் இடம் ஆகியவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வெண்கள் மற்ற அத்தியாயங்களில் மாறுகின்றனவா என்று பார்க்க அது உதவும். இங்கே ஒரு லாரி எண்ணிக்கையும் காற்று மாசுக் கணக்கில் வேறோர் எண்ணிக்கையும் இருந்தால், பின்னதைக் கொண்டு எடுத்த முடிவு நிற்காது.

அதன் பிறகே மூன்றாம் அத்தியாயத்தின் அடிப்படை நிலைத் தரவுகளுக்கு, அதாவது திட்டம் வருவதற்கு முன் காற்றும் நீரும் இருக்கும் நிலையைக் காட்டும் அளவீடுகளுக்குச் செல்லுங்கள். மாதிரிகள் எந்த மாதங்களில் எடுக்கப்பட்டன, எந்த இடங்களில் எடுக்கப்பட்டன என்ற இரண்டு கேள்விகளும் முக்கியமானவை. காற்று எந்தத் திசையிலிருந்து அதிகம் வீசுகிறது என்பதை அறிக்கையே ஒரு படமாகத் தந்திருக்கும். காற்று புழுதியைக் கொண்டு செல்லும் திசையில் உள்ள குடியிருப்பில் மாதிரி எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2009ஆம் ஆண்டின் தேசிய காற்றுத் தர அளவுகோலின்படி, 10 மைக்ரான் வரையிலான நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, 2.5 மைக்ரான் துகளுக்கு அந்த வரம்பு 60. இப்போதைய அளவே வரம்பை நெருங்கி நிற்க, அதன் மேல் குவாரியின் பங்கைக் கூட்டிய பிறகும் ‘வரம்புக்குள் உள்ளது’ என்று முடிவு சொல்லப்பட்டிருந்தால், அந்தக் கூட்டலை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நான்காம் அத்தியாயம் தாக்கங்களையும் தணிப்பு நடவடிக்கைகளையும் சொல்கிறது. பத்தாம் அத்தியாயம் மேலாண்மைத் திட்டத்தைச் சொல்கிறது. முன்னதில் உறுதியளித்த ஒவ்வொன்றுக்கும் பின்னதில் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மற்ற அத்தியாயங்களைக் கடைசியில் விரைவாகப் புரட்டலாம்.

5. களத்தில் சரிபார்த்தல்

அறிக்கையைப் படித்து முடித்த பிறகே களத்துக்குச் செல்ல வேண்டும். முன்னரே சென்றால் எதைத் தேடுவது என்று தெரியாது. திரும்பி வந்து படிக்கும்போது மீண்டும் போக வேண்டியிருக்கும்.

கையில் புலப்படத்தோடு செல்லுங்கள். அறிக்கையில் ‘நீர்நிலை இல்லை’ என்று சொல்லப்பட்ட பகுதியில் அ-பதிவேடு ஓடைப் புறம்போக்கைக் காட்டுகிறதா, தரையில் அந்த ஓடை இன்றும் இருக்கிறதா, அது எந்த ஏரிக்குப் போகிறது என்று நடந்தே பாருங்கள். பாசனக் கிணறுகளின் நீர்மட்டத்தை உழவர்களின் அனுமதியோடு அளந்து, குழியின் இறுதி ஆழத்தோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959இன் 36ஆம் விதி, மக்கள் குடியிருக்கும் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் எடுக்கக் குத்தகை தரக் கூடாது என்கிறது. அந்தத் தூரத்தைக் குத்தகை எல்லையிலிருந்து அளக்க வேண்டும். குழியின் நடுவிலிருந்து அளந்து எழுதிய மனுவை நிறுவனம் ஒரே வரியில் மறுத்துவிடும்.

குத்தகை நிலத்துக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். பொதுப்பாதையிலிருந்தும் பக்கத்து நில உரிமையாளரின் ஒப்புதலோடு அவர் நிலத்திலிருந்தும் எடுக்கும் படங்களே போதும். படத்தில் நாளும் அமைவிடமும் பதிவாகும்படி கைபேசியை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள்.

6. ஊர் மக்களோடு பேசுதல்

மனுவை எழுதி எடுத்துக்கொண்டு கையெழுத்துக்காக ஊருக்குள் செல்வது தவறான வரிசை. தண்ணீர் எடுக்கும் பெண்களும், ஆடு மேய்ப்பவர்களும், பக்கத்துக் குவாரியில் வெடி வைக்கும் நேரத்தைத் தினமும் கேட்பவர்களும் சொல்வதை முதலில் கேளுங்கள். சுவரில் விரிசல் விட்ட வீடு, வறண்ட கிணறு, பள்ளிக்கூட நேரத்தில் ஓடும் டிப்பர் லாரி என்று அவர்கள் சொல்லும் விவரங்கள் எந்த அறிக்கையிலும் இருக்காது.

ஒரே வாசகத்தை நகலெடுத்து நூறு பேரிடம் கையெழுத்து வாங்கினால், அது நூறு கருத்தாக அல்லாமல் ஒரே கருத்தாகச் சுருக்கப்படும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொருவரும் தம் புல எண்ணையும் தம் கிணற்றையும் குறிப்பிட்டுத் தம் சொற்களில் நான்கு வரி எழுதுவது மேல். எழுத இயலாதவர் சொல்வதை அப்படியே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கைரேகை பெறுங்கள். குவாரியால் வேலை கிடைக்கும் என்று ஆதரிப்பவர்களும் ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் வாதிடச் செல்வது மாணவரின் வேலையன்று.

7. எழுத்துவழி மனுவை அமைத்தல்

மனுவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு முகவரியிட்டு, ஆட்சியருக்கு நகல் அனுப்புங்கள். ஒவ்வொரு பத்தியும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்; அதில் நான்கு கூறுகள் இருக்க வேண்டும்: அறிக்கையின் பக்க எண்ணும் அது சொல்வதும், களத்தில் அல்லது பதிவேட்டில் உள்ளது, இணைக்கப்பட்ட சான்றின் எண், கோரிக்கை. உதாரணமாக இப்படி எழுதலாம்: ‘வரைவு அறிக்கையின் இன்ன பக்கத்தில், திட்டப் பகுதியை ஒட்டி நீரோடை இல்லை என்று கூறப்பட்டுள்ளது. அ-பதிவேட்டின்படி இன்ன புல எண் ஓடைப் புறம்போக்காகும் (இணைப்பு 2). அது குத்தகை எல்லையின் கிழக்கில் செல்வதைப் படங்கள் காட்டுகின்றன (இணைப்பு 3). எனவே மேற்பரப்பு நீர் குறித்த ஆய்வை மீண்டும் செய்ய வேண்டும்.’ இந்த அமைப்பில் எழுதிய கருத்துக்கு நிறுவனம் குறிப்பாகப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

தீர்ப்புகளை அளவோடு பயன்படுத்துங்கள். உயிர்வாழும் உரிமையைக் கூறும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பைப் பற்றி நான்கு பக்கமும் அறிக்கையைப் பற்றி அரைப் பக்கமும் எழுதிய மனுக்கள் தேர்வு விடைத்தாளைப் போல நின்றுவிடுகின்றன. பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை ஏற்று, தீங்கு இல்லை என்று காட்டும் சுமை திட்டத்தைக் கொண்டுவருபவர் மீதே என்று கூறியது. தரவு போதாத இடத்தில் இந்த ஒரு வரி போதும்.

தகவல் மறைக்கப்பட்டிருந்தால் அறிவிக்கையின் 8ஆம் பத்தியின் ஆறாம் உட்பிரிவை எடுத்துக்காட்டுங்கள். முடிவைப் பாதிக்கக்கூடிய தகவலை வேண்டுமென்றே மறைத்தாலோ பொய்யாகத் தந்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கவும் கொடுத்த அனுமதியை ரத்து செய்யவும் அது வழிசெய்கிறது. இதையொட்டி, கோவாவின் மோபா விமான நிலையம் குறித்த ஹனுமான் லக்ஷ்மண் அரோஸ்கர் வழக்கின் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாணவர்கள் விரும்பி மேற்கோள் காட்டுகிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் உண்மைகள் முழுமையாக வெளியிடப்படவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம் அதில் அனுமதியை நிறுத்தி வைத்தது. மறுமதிப்பீட்டுக்குப் பின் 2020இல் அந்தத் தடை விலக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியை மட்டும் சொன்னால் எதிர்த்தரப்பு மீதியைச் சொல்லி உங்கள் மனுவின் நம்பகத்தைக் குலைத்துவிடும்.

மனுவைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னரே நேரில் கொடுத்து, நகலில் நாளிட்ட முத்திரை பெறுங்கள். விரைவுத் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள்.

8. கூட்ட நாளில் செய்ய வேண்டியவை

ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ கூட்டத்தை நடத்த வேண்டும். நிகழ்வு முழுவதும் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும். குறைந்தபட்ச வருகை என்ற நிபந்தனை இல்லாததால், மக்கள் வராமல் புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். புறக்கணிப்பைப் பற்றி ஊர் யோசிக்கும்போது இதைத் தெளிவாக எடுத்துச் சொல்லுங்கள், முடிவு அவர்களுடையது.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். பேசுபவர் பெயரையும் ஊரையும் சொல்லி, ஒரு விஷயத்தை இரண்டு நிமிடத்தில் முடித்து, ‘இதைப் பதிவு செய்யக் கோருகிறேன்’ என்று கேட்பது நல்லது. குழுவில் ஒருவர் எதையும் பேசாமல், யார் எதைச் சொன்னார் என்பதை மட்டும் நேரத்தோடு எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

கூட்டத்தின் முடிவில் வாரியப் பிரதிநிதி கருத்துகளின் சுருக்கத்தை மக்களின் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் அதற்கு முன்பே பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். விடுபட்டதைச் சுட்டிக்காட்டித் திருத்தக் கிடைக்கும் ஒரே தருணம் அது. கடைசிவரை இருங்கள்.

9. கூட்டம் முடிந்த பின்

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஊராட்சி அலுவலகம், ஆட்சியர் அலுவலகம் முதலிய இடங்களில் பார்வைக்கு வைக்கப்படும். அதை உங்கள் குறிப்போடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். நிறுவனம் இறுதி அறிக்கையைச் சமர்ப்பித்ததும் கோப்பு மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்குச் செல்லும். குழுவின் நிகழ்ச்சி நிரலும் கூட்டக் குறிப்பும் மத்திய அமைச்சகத்தின் அனுமதி விண்ணப்பங்களுக்கான ‘பரிவேஷ்’ இணையதளத்தில் வெளியாகும். வாரம் ஒருமுறை அதைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். மக்களின் ஆட்சேபங்களை நிபுணர் குழு பரிசீலித்துக் காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று உத்கர்ஷ் மண்டல் வழக்கில் 2009இல் டில்லி உயர் நீதிமன்றம் கூறியது. கூட்டக் குறிப்பில் உங்கள் ஆட்சேபத்துக்குக் காரணம் எதுவும் இல்லையென்றால், மேல்முறையீட்டின் முதல் காரணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

10. அனுமதி வழங்கப்பட்டால்

தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் 16ஆம் பிரிவின்படி, அனுமதி உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தாமதத்தை ஏற்கலாம். 91ஆம் நாளில் வந்தால் கதவு மூடியிருக்கும். ஆறு மாதக் கால வரம்பு, சுற்றுச்சூழல் தகராறுகளை நேரடியாகத் தீர்ப்பாயத்தில் எழுப்பும் 14ஆம் பிரிவின் மனுக்களுக்கு உரியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு காலத்தைத் தவறவிடுவது மாணவர்களிடம் மட்டுமன்றி இளம் வழக்குரைஞர்களிடமும் காணப்படும் பிழை.

சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள சட்டங்கள் தொடர்பான பிரச்சினைகளையே தீர்ப்பாயம் விசாரிக்கும். நீர், காற்று மாசுத் தடுப்புச் சட்டங்கள், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், வனப் பாதுகாப்புச் சட்டம், உயிரியல் பல்வகைமைச் சட்டம் ஆகியவை அதில் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதில் இல்லை. மயில்களையும் தேவாங்குகளையும் பற்றிய வாதத்தை அந்தச் சட்டத்தின் பெயரில் மட்டும் எழுதினால் அது அங்கே எடுபடாது. அறிக்கையின் உயிரினப் பட்டியல் குறைபாடுடையது என்ற வடிவில் அதை 2006 அறிவிக்கையின் கீழ் கொண்டுவர வேண்டும். தென் மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. மனுதாரர்கள் ஊர் மக்களாக இருப்பதும், ஒரு வழக்குரைஞர் கையெழுத்திடுவதும், மாணவர்கள் ஆவணத் தொகுப்பைத் தயாரிப்பதும் பொருத்தமான வேலைப் பிரிவினை.

மேல்முறையீடு இல்லாவிட்டாலும் கோப்பை மூடிவிடாதீர்கள். 10ஆம் பத்தியின்படி ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிறுவனம் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அவை பொது ஆவணங்கள். நீங்கள் பட்டம் பெற்று வெளியேறும்போது டிஓஆர் ஒப்பீட்டு அட்டவணை, கிணறுகளின் நீர்மட்ட அளவுகள், முத்திரையிட்ட மனு நகல் ஆகியவற்றை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படைத்து, அந்த இரண்டு தேதிகளையும் அவர்களுடைய நாள்காட்டியில் எழுதிக் கொடுங்கள்.